பள்ளிக்கூடத்துத் தீபாவளி வேறு, வீட்டுத் தீபாவளி வேறு: ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

நிலாமுற்றம்
15 அக்டோபர் 2025, இரவு 9:40

இதை ஏற்கெனவே யாராவது பேசியிருந்தால் அந்த இழையைக் காட்டுங்கள். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம், தமிழ்க் குடும்பம் என்று எண்ணினால் எங்களையும் சேர்த்து மூன்று. மகளுக்கு ஆறு வயது, இயர் டூ. இந்த வாரம் வகுப்பில் தீபாவளிப் பாடம். திங்கட்கிழமை ராமர் சீதை கதை, குச்சியில் ஒட்டிய காகிதப் பொம்மைகளை வைத்து. செவ்வாய் ரங்கோலி. இன்றைக்குக் களிமண்ணில் அகல் விளக்கு செய்து, ஊதா பெயிண்ட் அடித்து, அதன் மேல் ஜிகினாவும் கொட்டிக் கொண்டுவந்திருக்கிறாள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். கதை முடிந்ததும் டீச்சர் "உங்கள் வீட்டில் யாராவது தீபாவளி கொண்டாடுவீர்களா" என்று கேட்டிருக்கிறார். வகுப்பில் கை தூக்கியது இவள் ஒருத்திதான். எழுந்து, எங்கள் வீட்டில் ராமர் வரமாட்டார், நரகாசுரன் செத்துப்போவான், விடியற்காலையில் இருட்டில் எழுப்பித் தலையில் எண்ணெய் வைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் நல்லவர், சிரித்துக்கொண்டே "அது வேறு ஏதாவது பண்டிகையாக இருக்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டாராம்.

வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "அம்மா, நாம கொண்டாடுறது தப்பு தீபாவளியா?"

அதோடு ஒரு தாள் வேறு. சரியா தவறா என்று டிக் போடும் தாள். "தீபாவளி அன்று இந்துக்கள் இறைச்சி சாப்பிட மாட்டார்கள்" என்பதற்கு இவள் தவறு என்று போட்டிருக்கிறாள், அதற்கு ஒரு மார்க் போயிற்று. எங்கள் பக்கம் திருநெல்வேலி. தீபாவளிக் காலையில் இட்லிக்குக் கறிக்குழம்பு இல்லை என்றால் என் மாமனார் அன்று முழுக்க யாரிடமும் பேசமாட்டார்.

பள்ளியில் போய்ச் சண்டை போடும் எண்ணம் இல்லை. ஆனால் சும்மா விடவும் மனசு வரவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஊறுகாய்ஜாடி
15 அக்டோபர் 2025, இரவு 10:05

முதலில் அந்த விளக்கை வீட்டில் ஏற்றி வையுங்கள்மா. பிள்ளை கையால் செய்தது. புது அகல் எண்ணெயைக் குடித்துவிடும், அதனால் முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் எடுத்து நிழலில் காயவைத்து, அப்புறம் எண்ணெய் விடுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஈரோட்டுக்காரன்
15 அக்டோபர் 2025, இரவு 10:31

ஒருவனைக் கொன்ற நாளை எதற்குக் கொண்டாட வேண்டும் என்று பெரியார் அன்றைக்கே கேட்டார். அதை விட்டுவிட்டு ராமனா கிருஷ்ணனா என்று பட்டிமன்றம் நடத்துகிறீர்கள். நரகாசுரன் திராவிட அரசன். அவன் செத்ததற்கு நாமே எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம்.

கரும்பலகை
15 அக்டோபர் 2025, இரவு 11:20

இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், தமிழச்சி. அந்தப் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுங்கள்.

இங்கே சமயக் கல்வி என்பது தேசியப் பாடத்திட்டத்தில் கிடையாது, ஆனால் அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் எல்லாம் கட்டாயம் நடத்தியாக வேண்டும். கேட்கவே வேடிக்கையாக இருக்கும். என்ன நடத்துவது என்பதை அந்தந்த உள்ளாட்சி வட்டாரமே உட்கார்ந்து முடிவு செய்யும், தனியாக இயங்கும் அகாடமி பள்ளிகள் தங்களுக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளலாம். 1988ல் வந்த கல்விச் சட்டம், நாட்டின் சமய மரபுகள் பெரும்பாலும் கிறித்தவம்தான் என்பதைப் பாடம் காட்ட வேண்டும், கூடவே நாட்டிலுள்ள மற்ற முக்கிய மதங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. மற்ற மதம் என்றதும் சின்ன வகுப்புக்கு எது தோதாக வரும்? விளக்கு, வண்ணம், இனிப்பு, கதை. தீபாவளி கச்சிதமாக வந்து உட்கார்ந்துவிட்டது.

ஏன் ராமர் சீதை? காடு இருக்கிறது, மான் இருக்கிறது, பத்துத் தலை ராட்சசன் இருக்கிறான், குரங்குப் படை இருக்கிறது, கடைசியில் வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பொம்மை வைத்துச் சொல்ல இதைவிட வாகான கதை கிடைக்காது. இன்னொரு காரணமும் உண்டு. இங்கே இந்துக்கள் என்று பள்ளிகளுக்கு முதலில் அறிமுகமானவர்களில் பெரும்பகுதி குஜராத்திகள். 1972ல் இடி அமின் உகாண்டாவிலிருந்து விரட்டியபோது வந்து இறங்கிய குடும்பங்களில் எத்தனையோ லெஸ்டரில் குடியேறின. அங்கே பெல்கிரேவ் ரோட்டில் தீபாவளிக்கு விளக்குப் போடுவதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். அவர்கள் கொண்டாடுவது அமாவாசை ராத்திரி லட்சுமி பூஜை, புதுக்கணக்கு, மறுநாள் புத்தாண்டு. பாடப்புத்தகத்துத் தீபாவளி கிட்டத்தட்ட அந்த வீட்டு வாசலில் நின்று எழுதியது. நம் வாசல் வரைக்கும் யாரும் வரவில்லை, நாமும் கூப்பிடவில்லை.

அப்புறம் அந்த டீச்சர். வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இந்தப் பாடத்துக்குக் கிடைக்காது. முப்பது பிள்ளைகள். முந்தின நாள் ராத்திரி இணையத்தில் இறக்கிய தாள். அதில் இறைச்சி சாப்பிட மாட்டார்கள் என்று இருந்தால் அவருக்கு அதுதான் வேதம். "வேறு பண்டிகையாக இருக்கும்" என்று சொன்னது தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அது தெரியாது. தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்றுதான் என் அனுபவம் சொல்கிறது. எழுதிக் கேளுங்கள், கோபம் இல்லாமல்.

பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும் என்றால் ஒவ்வொரு வட்டாரத்திலும் சாக்ரே என்று ஒரு ஆலோசனைக் குழு இருக்கிறது, அதில் மதவாரியாகப் பிரதிநிதிகள் உட்காருவார்கள். அது தனிக் கதை.

ஈரோட்டுக்காரன்
15 அக்டோபர் 2025, இரவு 11:34

மதப் பாடமே வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக்கொடுத்தால் பிள்ளையை அந்த வகுப்பிலிருந்து விலக்கி வைக்கலாமே இங்கிலாந்தில்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கரும்பலகை
15 அக்டோபர் 2025, இரவு 11:41

விலக்கலாம், உரிமை இருக்கிறது. தீபாவளி கொண்டாடும் ஒரே பிள்ளையைத் தீபாவளிப் பாடத்திலிருந்து வெளியே அனுப்பி நூலகத்தில் உட்காரவைப்பீர்களா? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

ஏழாம்_நம்பர்_ரயில்
16 அக்டோபர் 2025, காலை 3:12

நியூயார்க், குயின்ஸ். இங்கே நிலைமை இன்னும் தமாஷ்.

பல வருடம் போராடி, 2023 நவம்பரில் ஆளுநர் கையெழுத்துப் போட்டு, நகரத்து அரசுப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை வந்தது. முதல் விடுமுறை 2024 நவம்பர் 1, வெள்ளிக்கிழமை. ஊரெல்லாம் கொண்டாட்டம், செய்தியெல்லாம் அதுதான். நமக்குத் தீபாவளி எப்போது? அக்டோபர் 31, வியாழன். பள்ளி உண்டு. போதாததற்கு அன்றைக்குத்தான் ஹாலோவீன்.

என் பையன் தீபாவளி அன்று காலை ஐந்து மணிக்கு எண்ணெய்க் குளியல் முடித்து, லேகியம் உருட்டி விழுங்கி, புதுச்சட்டை போட்டு, அதன் மேல் எலும்புக்கூடு வேஷத்தை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனான். தீபாவளி விடுமுறை நாளான மறுநாள் வீட்டில் ஒன்றும் இல்லை, முந்தின நாள் முறுக்கைத் தின்றுகொண்டு கார்ட்டூன் பார்த்தான். "நேத்துதான தீபாவளி, இன்னைக்கு எதுக்கு லீவு" என்று கேட்டான். உனக்கு எதுக்குடா அந்தக் கவலை என்றேன்.

இந்த வருடம் இரண்டும் 20ஆம் தேதியே வந்துவிட்டது, தப்பித்தோம்.

நிலாமுற்றம்
16 அக்டோபர் 2025, காலை 7:50

ஊறுகாய்ஜாடி அக்கா, உங்கள் பேச்சைக் கேட்டு ராத்திரி விளக்கைத் தண்ணீரில் போட்டேன்.

காலையில் பாத்திரத்தில் விளக்கு இல்லை. ஊதா நிறத்தில் கூழ் இருந்தது, மேலே ஜிகினா மிதந்தது. மகள் இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள், பள்ளிக்கு எப்படி அனுப்புவது என்று தெரியவில்லை.

ஊறுகாய்ஜாடி
16 அக்டோபர் 2025, காலை 8:02

அய்யய்யோ. சூளையில் சுட்ட அகலுக்குச் சொன்னேன்மா. சுடாத களிமண் என்று நீங்கள் சொல்லவே இல்லையே!

கரும்பலகை
16 அக்டோபர் 2025, காலை 8:10

வகுப்பில் கொடுப்பது காற்றிலேயே இறுகும் களிமண். அதில் தண்ணீரும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. எண்ணெய் விட்டால் ஒரு மணி நேரத்தில் அடி வழியாகக் கசிந்து மேசையில் வட்டம் போடும். ஜிகினா வேறு, தீ பட்டால் கருகும். பேட்டரி மெழுகுவர்த்தியை வைத்து அழகு பார்க்கத்தான் அது. நேற்றே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. டீச்சரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் களிமண் மிச்சம் இருக்கும், இன்னொன்று செய்யவிடுவார்.

தேக்கா_வாசி
16 அக்டோபர் 2025, மாலை 6:25

சிங்கப்பூரிலிருந்து ஒரு விஷயம் சொல்கிறேன், நிலாமுற்றம் இதைப் படித்தால் கொஞ்சம் மனசு ஆறும்.

இங்கே இந்தியர் என்றால் பெரும்பாலும் தமிழர், பொது விடுமுறைப் பட்டியலில்கூடத் தீபாவளி என்றுதான் இருக்கும், திவாலி என்று இருக்காது. அதனால் பள்ளியில் சொல்லும் கதையும் நம் கதைதான், நரகாசுரன், கிருஷ்ணர், சத்யபாமா. அசெம்பிளியில் நாடகம் போடுவார்கள், சீனப் பையன் ஒருவன் மீசை ஒட்டிக்கொண்டு நரகாசுரனாக வருவான், கைதட்டல் அவனுக்குத்தான்.

என் மகன் வகுப்பில் லக்னோவிலிருந்து வந்த ஒரு பையன். போன வருடம் அவன் அம்மா என்னிடம் வந்து, ஏறக்குறைய உங்கள் வார்த்தையையே கேட்டார். "என் பையன் வீட்டுக்கு வந்து அழுகிறான், ராமர் எங்கே போனார் என்று கேட்கிறான், இங்கே ஏன் தீபாவளியைத் தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?" எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தப்பு என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதே இல்லை பாருங்கள், அதுவரை.

படலையடி
16 அக்டோபர் 2025, இரவு 8:55

லண்டன், ஹாரோ. சொந்த இடம் யாழ்ப்பாணம்.

எங்களுக்கும் தீபாவளி என்றால் நரகாசுரன், விடியக்காலை முழுக்கு, கோயில், பிறகு ஆட்டிறைச்சி. ஊரில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆடு வாங்கிப் பங்கு போடுவார்கள், அந்தப் பங்கு எடுக்கப் பனையோலைப் பட்டையோடு போய் நின்றதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிற தீபாவளி. அந்தத் தாளை எழுதினவர் எங்கள் வளவுக்குள் ஒருக்கால் வந்திருந்தால் பேனையை மூடி வைத்திருப்பார்.

ஆனால் ஒரு கேள்வி. பள்ளியில் படிப்பிப்பது "விளக்குத் திருவிழா" என்றுதானே? தீபாவளிக்கு நாங்கள் எங்கே விளக்கு வைத்தோம்? சாமி அறையில் எரிகிற விளக்கு எரியும், அவ்வளவுதான். விளக்கு என்றால் கார்த்திகை. எங்கள் பக்கம் விளக்கீடு என்போம். பின்னேரம் படலையடியில் வாழைக்குற்றி நட்டு, அதன் மேல் சிட்டியில் எண்ணெய் விட்டுத் திரி போடுவார் அப்பா. தடியில் வெள்ளைத் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களை நாங்கள் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கிணற்றடியில் ஒன்று, மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று, வேலியோரமாக வரிசையாக என்று குத்திவிடுவோம். மழைக்காலம். நிலம் ஈரமாக இருக்கும், தடி சுலபமாக இறங்கும். காற்று அடித்து அணைந்தால் திரும்ப ஓட வேண்டும், அம்மம்மா திண்ணையில் இருந்தபடி எது அணைந்தது என்று சத்தம் போடுவா.

விளக்கீடு என்பது ஏதோ எங்கள் ஊர்ப் பேச்சு என்று நினைத்திருந்தேன். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் மயிலாப்பூரில் பாடின பதிகத்தில் அதே சொல் இருக்கிறது, "தொல்கார்த்திகை நாள்" என்று வேறு சொல்கிறார். அவருக்கே அது பழைய நாள்.

தங்கச்சி, ராமரா கிருஷ்ணரா என்று அந்த டீச்சரோடு மினக்கெடாமல் நேரே கார்த்திகைக்குப் போங்கள். இந்த முறை டிசம்பர் 3, புதன்கிழமை. பள்ளி நாள்.

ஏழாம்_நம்பர்_ரயில்
16 அக்டோபர் 2025, இரவு 9:30

படலையடி அண்ணா, ஆமாம்ல! தீபாவளிக்கு எங்கள் வீட்டிலும் பட்டாசுதான், வாசலில் விளக்கு வரிசை வைத்து நான் பார்த்ததே சென்னைக்கு வந்த பிறகு, அடுக்குமாடியில், அதுவும் எதிர்வீட்டு மார்வாடிக் குடும்பம் வைத்தது. எங்கள் ஊரில் கார்த்திகைக்கு மாவலி சுற்றுவோம். பனம்பூவைக் குழியில் போட்டு மூடிச் சுட்டு, கரியை இடித்து, துணியில் திணித்துச் சுருட்டி, பிளந்த பனை மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, கயிறு போட்டுத் தலைக்கு மேல் சுற்றினால் பொறி வட்டமாகக் கொட்டும். சட்டையில் ஓட்டை விழாத கார்த்திகை எனக்கு நினைவில்லை. இதை நியூயார்க்கில் சுற்றினால் தீயணைப்பு வண்டிக்கு முன்னால் போலீஸ் வந்துவிடும்.

ஈரோட்டுக்காரன்
16 அக்டோபர் 2025, இரவு 10:12

கார்த்திகையை நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் நரகாசுரன் பற்றி நான் சொன்னதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

தேக்கா_வாசி
16 அக்டோபர் 2025, இரவு 10:50

நான் சொல்கிறேன் தோழர். அசாமில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். குவாஹாட்டியில் நரகாசுரன் குன்று என்று ஒன்று இருக்கிறது, மருத்துவக் கல்லூரியே அங்கேதான். பழைய காமரூபத்து மன்னர்கள் தாங்கள் நரகனின் வம்சம் என்று பெருமையாகச் செப்பேட்டில் எழுதி வைத்தார்கள். அப்படியே கோவாவுக்குப் போனால் தீபாவளிக்கு முந்தின ராத்திரி தெருவுக்குத் தெரு நரகாசுரன் பொம்மை செய்து விடியற்காலையில் கொளுத்துகிறார்கள். ஓரிடத்தில் பாட்டன், ஓரிடத்தில் கொள்ளிவைக்கும் பொம்மை, உங்கள் கணக்கில் திராவிட அரசன். ஆளுக்கு ஒரு நரகாசுரன் இருக்கிறான்.

ஈரோட்டுக்காரன்
16 அக்டோபர் 2025, இரவு 11:03

அசாம் சேதி எனக்குப் புதிது. படித்துவிட்டு வருகிறேன். கொன்றவனைக் கொண்டாடுவது பற்றிய கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

நெறியாளர்
16 அக்டோபர் 2025, இரவு 11:15

நரகாசுரன் விவாதத்துக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், அங்கே போங்கள். இங்கே பிள்ளையும் பள்ளியும் மட்டும்.

நிலாமுற்றம்
18 அக்டோபர் 2025, காலை 10:20

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்று வகுப்பு விட்டதும் டீச்சரிடம் பேசினேன். பேசுவதற்கு முன்னால் மூன்று தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன், பாதி மறந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இது நரகாசுரன் பண்டிகை, அமாவாசைக்கு முந்தைய விடியலில் வருகிறது, தீபாவளி ஒன்றுதான், கதைதான் ஊருக்கு ஊர் மாறும் என்றேன். சீக்கியர்கள் அதே நாளில் குரு ஹர்கோபிந்த் குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து 52 இளவரசர்களோடு வெளியே வந்ததைக் கொண்டாடுகிறார்கள், சமணர்களுக்கு அது மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள், வங்காளத்தில் காளி பூஜை, நேபாளத்தில் நாய்க்கும் காக்கைக்கும் மாலையும் சோறும் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, "நாய்க்கா?" என்றார். அதுவரை பாதிக் கண் வாசலில் பிள்ளைகள் மேலேயே இருந்தது, அதற்கப்புறம்தான் முழுசாக என் பக்கம் திரும்பினார்.

உடனே மன்னிப்புக் கேட்டார். அது வேறு பண்டிகை என்று தான் சொன்னது ஞாபகம் இருப்பதாகவும், அன்றைக்கே ஒரு மாதிரி இருந்ததாகவும் சொன்னார். திங்கட்கிழமை காலை வகுப்பில் மகளையே நம் கதையைச் சொல்லச் சொல்லப்போகிறாராம். தாளில் போன மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், அதில் என் மகளுக்கு இருக்கும் பெருமை சொல்லி முடியாது.

படலையடி அண்ணன் சொன்னபடி கார்த்திகை பற்றியும் வாயை விட்டேன். டிசம்பர் 3 மதியம் இருபது நிமிடம் வந்து பேசுகிறீர்களா என்று கேட்டுவிட்டார். சரி என்று வந்துவிட்டேன், இப்போது கை நடுங்குகிறது. என்ன கொண்டுபோக, என்ன சொல்ல?

பி.கு.: புது விளக்கு செய்துவிட்டாள். இது பச்சை. தண்ணீர் பக்கமே விடமாட்டேன் என்கிறாள்.

கரும்பலகை
18 அக்டோபர் 2025, பகல் 12:45

கொண்டுபோகக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். தீ கூடாது, ஒரு திரிகூட. புகைமணி அடித்தால் முந்நூறு பிள்ளைகளும் மைதானத்தில் போய் நிற்க வேண்டும், உங்களை அந்தப் பள்ளி ஒரு நாளும் மறக்காது. வேர்க்கடலை, முந்திரி எதுவும் கூடாது, ஒவ்வாமை. பொரி உருண்டை நல்லது, ஆனால் கொடுப்பதற்கு முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கோலம் போட்டால் ஸ்வஸ்திகம் வேண்டாம், நமக்கு அது என்ன என்பது நமக்குத் தெரியும், இங்கே இருபது நிமிடத்தில் அதை விளக்க முடியாது.

கையில் தொட்டுப் பார்க்கப் பொருள் வேண்டும். உண்மையான அகல், எண்ணெய் குடித்துக் கருத்துப்போன பழைய அகல் இருந்தால் இன்னும் நல்லது. பஞ்சு கொண்டுபோய்த் திரி திரிக்கச் சொல்லிக்கொடுங்கள், முப்பது பேரும் பத்து நிமிடம் மூச்சு விடாமல் உட்காருவார்கள். தத்துவம் பேசாதீர்கள். இருளை வெல்லும் ஒளி என்று ஆரம்பித்தால் மூன்றாவது வரியில் ஒரு பையன் மூக்கைக் குடைவான்.

ஒன்று விட்டுப்போயிற்று. நரகாசுரன் கதையில் அம்மாவே மகனைக் கொல்லும் இடம் வரும், திங்கட்கிழமை கேள்வி வரும். மகளைத் தயார் பண்ணி அனுப்புங்கள்.

படலையடி
18 அக்டோபர் 2025, பகல் 1:30

வெடி பற்றி ஒரு எச்சரிக்கை. விடிய நாலு மணிக்கு வெடி கொளுத்தி நரகாசுரனை அனுப்பும் பழக்கம் இருந்தால் இங்கே செய்யாதீர்கள். இரவு 11 முதல் காலை 7 வரை வாணம் விடக் கூடாது என்று சட்டம். தீபாவளிக்குச் சலுகை இருக்கிறது, ஆனால் அது இரவு ஒரு மணி வரைக்கும். இருட்டியதும் லட்சுமி பூஜை முடித்து வாணம் விடுகிறவர்களுக்கு ஏற்ற சலுகை. நாங்கள் கண் விழிப்பதே அதற்குப் பிறகு.

நிலாமுற்றம்
20 அக்டோபர் 2025, மாலை 5:15

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள்! காலை நாலரைக்குக் குளியல், கம்பி மத்தாப்பு ஒன்றுகூட இல்லை, கேஸ் அடுப்பில் கறிக்குழம்பு, எட்டே முக்காலுக்குப் பள்ளி. தலையில் நல்லெண்ணெய் வாசத்தோடுதான் போனாள்.

கரும்பலகை சொன்னதுபோலவே கேள்வி வந்திருக்கிறது. கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு பெண்பிள்ளை, "அவங்க அம்மாவே எப்படிக் கொல்லுவாங்க" என்று கேட்டதாம். இவள், "அவன் ரொம்ப சேட்டை. ஆனா சாகும்போது, நான் போற நாள்ல எல்லாரும் குளிச்சுப் புதுச்சட்டை போட்டு ஸ்வீட் சாப்பிடணும்னு அவனே கேட்டான், அதனால அவனுக்கும் ஓகே" என்று சொல்லியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததில் "அவனுக்கும் ஓகே" கிடையாது.

ஈரோட்டுக்காரன்
20 அக்டோபர் 2025, இரவு 8:40

உங்கள் மகளிடம் என் கேள்விக்கும் ஒரு பதில் இருக்கும் போலிருக்கிறது. வாழ்த்து சொல்லமாட்டேன், கறிக்குழம்பு நன்றாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நிலாமுற்றம்
4 டிசம்பர் 2025, இரவு 10:10

இழையை மேலே தூக்குவதற்கு மன்னிக்கவும். சொன்னபடி வந்து சொல்கிறேன்.

நேற்று போய்வந்தேன். திருவண்ணாமலையில் மாலை ஆறு மணிக்குத் தீபம் ஏற்றினால் இங்கே மதியம் பன்னிரண்டரை. நான் ஒன்றே காலுக்குப் போனபோது டீச்சர் அந்தக் காட்சியைப் பெரிய பலகையில் எடுத்து வைத்திருந்தார், முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் நடந்தது. மலை உயரம் 2,668 அடி, இங்கிலாந்தில் பெரிய மலையான ஸ்காஃபெல் பைக்கைவிடக் கொஞ்சம் குட்டை என்றேன். கோடை விடுமுறையில் ஸ்காஃபெல் பைக் ஏறிய ஒரு பையன் எழுந்து நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அந்த உச்சிக்குச் செப்புக் கொப்பரையை ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள், 3,500 கிலோ நெய், ஆயிரம் மீட்டர் துணித் திரி, பதினொரு நாள் எரியும் என்றதும் கைகள் வரிசையாக எழுந்தன. நெய்யை யார் தூக்குவார்கள், மழை வந்தால் என்ன, அணைக்க யார் போவார்கள், கிறிஸ்துமஸ் வரைக்கும் எரியுமா. நெய் என்றால் உருக்கிய வெண்ணெய் என்று சொன்னேன், உடனே டீச்சர் அதைக் கணக்காக்கிவிட்டார், கால் கிலோ வெண்ணெய்ப் பொட்டலமாக வாங்கினால் எத்தனை வேண்டும்? கடைசியில் அவரே பலகையில் 14,000 என்று எழுத, வகுப்பே "ஓ" என்றது.

நரகாசுரனைப் பற்றியும் ராமரைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு நேரமும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை.

திரி திரித்தார்கள். முப்பதில் நாலைந்து திரி திரி மாதிரி இருந்தது, மற்றதெல்லாம் கம்பளிப்பூச்சி. பனையோலை கிடைக்காததால் ஓலைக் கொழுக்கட்டை செய்யமுடியவில்லை, பொரி உருண்டை கொண்டுபோனேன், அலுவலகம் அனுமதித்தது, பாகு கொஞ்சம் முற்றிவிட்டது. அதைக் கடித்த ஒரு பையனுக்கு ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஒரு பல் விழுந்துவிட்டது. அந்தப் பையனுக்கு ரொம்பச் சந்தோஷம், பல்தேவதை காசு வைக்கும் என்று பல்லைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டான்.

நாலு மணிக்கெல்லாம் இங்கே இருட்டிவிடும். வீட்டுக்கு வந்ததும் சமையலறை ஜன்னலில் வரிசையாக ஏழு அகல் வைத்தோம், எல்லாம் ஊரிலிருந்து ஆச்சி கொடுத்துவிட்டது. நடுவில் அந்தப் பச்சை விளக்கு, உள்ளே பேட்டரி.

ஊறுகாய்ஜாடி
4 டிசம்பர் 2025, இரவு 10:26

கேட்கவே நிறைவாக இருக்கிறதும்மா. அந்த ஏழு அகலையாவது ஊறப்போட்டீர்களா?

நிலாமுற்றம்
4 டிசம்பர் 2025, இரவு 10:31

போட்டேன் அக்கா. மகள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தூங்கும் நேரம் வரை காவல் காத்தாள்.